சுரைப்பந்தலில் ஒரு கல்யாண வழக்கு

அல்லிநாடுன்னு ஒரு தேசம். ரொம்பக் காலத்துக்கு முன்னால அதை இளஞ்சிங்க மகாராசா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா தூக்கம்னா அவருக்கு உசிரு. அவர் கண்ணசரும்போது யாராவது தும்மிட்டா, அன்னைக்கு அரண்மனையே கதிகலங்கிப் போயிடும்.

அவரு படுக்கிற மாடத்துக்குக் கீழே ஒரு சுரைப்பந்தல். சாதாரணப் பந்தல் இல்லைங்க. அதுல காய்க்கிற சுரைக்காயை முற்ற விட்டு, காயவச்சு, அந்தக் குடுக்கையில புதுத் தம்புரா செய்வாங்க. அம்மன் கோயில்ல அதை மீட்டின பிறகுதான் தேர்வடத்தையே தொடுவாங்க. வருசா வருசம் அதுதான் வழக்கம்.

சுரைப்பூ இருக்கே, அது பொழுது சாய்ஞ்ச பிறகுதான் மெல்லக் கண்ணைத் திறக்கும். வெள்ளை வெளேர்னு, நிலா வெளிச்சம் துண்டு துண்டா வந்து பந்தல்ல ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். மகாராசா அதைப் பார்த்துக்கிட்டே தூங்கிப்போவாரு.

ஒரு நாள் கண்ணு சொக்குற நேரத்துல "விர்ர்ர்"னு ஒரு சத்தம்.

"யாருடா அது?"ன்னு எழுந்து உட்கார்ந்துட்டாரு. பார்த்தா, பூவைச் சுத்தி ஏதோ பூச்சி பறக்குது.

அரண்மனை அலங்காரத்தைக் கவனிக்கிற கோதண்டம்னு ஒரு பிரபு. மந்திரி ஆவுடையப்பரோட ஆசனத்து மேல அவருக்கு ரொம்ப நாளாக் கண்ணு. "கவலையை விடுங்க மகாராசா"ன்னு சொல்லி, அந்தியானாப் பந்தல் பூராவையும் சல்லாத்துணியால மூடிட்டாரு. வாசனை வரும், பூ தெரியும், பூச்சி மட்டும் நுழையாது. மகாராசா பூப்பூவா கனாக் கண்டாரு. கோதண்டம் கழுத்துல முத்துமாலை ஏறிச்சு.

நாள் போச்சு. பந்தல் நிறையப் பூ. ஆனா ஒரு பிஞ்சுகூட நிக்கலை, மஞ்சளாகி உதிர்ந்துடுது.

"இந்த வருசம் மந்திரி ஊரு விதை மகாராசா, மலட்டு விதை! அம்மன் காரியத்துல விளையாடலாமா?"ன்னு பத்தவச்சாரு கோதண்டம்.

மகாராசாவுக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "ஆவுடையப்பரே! வர்ற பௌர்ணமிக்குள்ள பிஞ்சு பிடிக்கலைன்னா குடும்பத்தோட நாட்டை விட்டுக் கிளம்பிடும்!"

பாவம், வயசான காலத்துல பிறந்த மண்ணை விட்டு எங்கே போவாரு? அவர் சம்சாரம் அழுதுக்கிட்டே பாத்திரத்தை மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா.

அன்னைக்கு அந்தியில மந்திரி பந்தல் பக்கம் போய் நின்னாரு. துணிக்கு வெளியே பெரிய பெரிய விட்டில் பூச்சிங்க. தேன்சிட்டு மாதிரி அந்தரத்துல நின்னு, வாயில சுருட்டி வச்சிருந்த நீளக் குழலை நீட்டித் துணியைத் தடவிப் பார்த்துட்டு, வழி கிடைக்காமத் திரும்பிப் போகுது. மந்திரிக்கு விசயம் விளங்கிடுச்சு. ஆனா "உங்க தூக்கந்தான் காரணம்"னு ராசாகிட்ட நேராப் போய்ச் சொன்னாத் தலை தப்புமா?

மறுநாள் சபையில எழுந்து, "ஒரு கல்யாண வழக்கு மகாராசா"ன்னாரு.

"சொல்லும்."

"பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே தெரு. ரெண்டு பேராலும் எழுந்து நடக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டுச் சந்தனத்தைப் பெண்ணு நெத்தியில கொண்டுபோய் வச்சாத்தான் கல்யாணம். அதுக்குன்னே ஒரு பெரியவர் தினம் அந்தியில கிளம்பி வர்றாரு. கொஞ்சம் பானகம் குடுத்தா அவருக்குப் போதும். ஆனா அவர் நடக்கிற சத்தத்துல தூக்கம் கெடுதுன்னு ஒருத்தர் முகம் சுளிச்சாராம். இன்னொருத்தர் ஓடிப்போய் வாசல்ல திரையைப் போட்டு மறிச்சுட்டாராம்."

சபையே கொல்லுன்னு சிரிச்சுது.

"அடப்பாவிகளா! தூக்கத்துக்காகக் கல்யாணத்தையா நிறுத்தினாங்க? கோதண்டம், இதுக்கு என்ன தண்டனை?"

"அந்த ரெண்டு பேருமே சந்தனத்தைச் சுமந்துக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கட்டும் மகாராசா!"

"பேஷ்! அதுவே தீர்ப்பு!"

மந்திரி கையைக் கட்டிக்கிட்டு மெதுவாச் சொன்னாரு: "அந்தத் தெரு நம்ம சுரைப்பந்தல், மகாராசா. ஆண்பூ வேற, பெண்பூ வேற. பூந்தூளைச் சுமக்கிற பெரியவர் அந்த விட்டில் பூச்சி. தூக்கம் கெட்டவர் சிம்மாசனத்துல இருக்காரு. திரை போட்டவர் முத்துமாலையோட நிக்கிறாரு."

மகாராசா முகம் சிவந்துச்சு. ஆனா பாருங்க, மனுசன் சொன்ன சொல்லை மாத்தலை.

"தீர்ப்பு தீர்ப்புதான். கோதண்டம், ஏணியைத் தூக்கும்!"

அன்னைக்கு அந்தியில துணியை உருவிட்டாங்க. மகாராசா மயிலிறகால ஆண்பூவைத் தொட்டுப் பெண்பூவுல தடவுறாரு. கழுத்து பிடிச்சுக்கிச்சு. கோதண்டம் "ஐயோ என் இடுப்பு"ன்னு முனகுறாரு. அப்போ நிலா ஏறிச்சு. ராசா காதோரமா "விர்ர்ர்"!

ராசா அசையலை. பூச்சி அவர் கண்ணு முன்னாலயே அந்தரத்துல நின்னு, குழலைப் பூவுக்குள்ள விட்டுத் தேனைக் குடிச்சுது. முகமெல்லாம் பூந்தூள். அடுத்த பூ, அதுக்கடுத்த பூன்னு நழுவி நழுவிப் போய்க்கிட்டே இருந்துச்சு. இன்னொண்ணு வந்துச்சு, இன்னும் நாலு வந்துச்சு. பந்தல் பூராவும் லேசா அதிர்ந்துச்சு. தூங்குறோமா முழிச்சிருக்கோமான்னு ராசாவுக்கே புரியலை.

"இதையா நான் விரட்டினேன்?"னு கண் கலங்கிட்டாரு. ஏணியை விட்டு இறங்கவே மனசு வரலை.

பௌர்ணமிக்கு முன்னாலயே பந்தல் நிறையப் பிஞ்சு பிடிச்சுது. மந்திரி சம்சாரம், "கட்டினதும் நான், அவிழ்க்கிறதும் நானா?"ன்னு சிரிச்சுக்கிட்டே மூட்டையைப் பிரிச்சா. முத்துமாலை கழுத்து மாறிடுச்சு.

"இன்னும் என்ன வேணும், கேளும்"னாரு மகாராசா.

"அந்தியில அரண்மனை விளக்கைத் தணிச்சு வைக்கணும் மகாராசா. வெளிச்சம் அதுங்களுக்கு வழியைக் கெடுக்கும்."

அந்த வேலை கோதண்டத்துக்குப் போச்சு.

அப்புறம் ராசா தயங்கித் தயங்கிக் கேட்டாரு: "ஆவுடையப்பரே, நான் தடவினதுல எத்தனை பிடிச்சுது?"

மந்திரி ஒரு மூலையைக் காட்டினாரு. அங்கே கோணல்மாணலா ஒத்தப் பிஞ்சு தொங்குது. ராசா கிட்டப் போய், ஒரு விரலால அதைத் தாங்கிப் பிடிச்சாரு. முகமெல்லாம் பூரிப்பு.

"இதை யாரும் பறிக்கக் கூடாது, சொல்லிட்டேன். இந்தக் கல்யாணத்தை நடத்தி வச்சவன் நானு!"