மூஞ்சூறு அளந்த பெட்டி

நாணல் ஏரிக்கரையில் ஒரு நீர்நாய் வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தது இரண்டு பேரிடம்தான். ஒன்று இந்த நீர்நாய். இன்னொன்று மயில். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரியான ரெடிமேட் கம்ப்யூட்டர்கள். காட்டுக்குள் கரண்ட் ஏது என்று கேட்காதீர்கள். நீர்நாய் பேசும் என்பதை நம்புகிறவர்கள் இதையும் நம்பலாம்.

மயில் அதில் தன் ஆட்டத்தைத் தானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தது. நீர்நாய்க்கோ அதில் வேலை இருந்தது. மழைக்காலத்துக்கு முன் பருந்து ஏரியைச் சுற்றிப் பறந்து படங்கள் எடுத்து வரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால், தண்ணீர் எதுவரை ஏறும், எந்த மேடு தப்பிக்கும் என்று வரைபடம் காட்டும். கரையோரம் வளை தோண்டியிருக்கும் முயல்கள் அதைப் பார்த்துத்தான் குட்டிகளோடு இடம் மாறும்.

இந்த வருஷம் ஏரியில் மண் சேர்ந்து கரையே மாறிப் போயிருந்தது. பருந்து வழக்கத்தைவிட நிறையப் படங்கள் கொண்டு வந்தது. நீர்நாய் அவற்றைப் போட்டது. வரைபடம் பாதி வந்து அப்படியே நின்றது. மறுபடி போட்டது. மறுபடியும் பாதியிலேயே நின்றது. 'இதை வரைய நாலு ஜிபி நினைவுள்ள கிராபிக்ஸ் கார்டு வேண்டும்' என்று திரையில் எழுத்து வந்தது. படம் வரைவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் சொருகும் பலகை அது.

தாய் முயல் ஓடி வந்தது.

"அண்ணே, மழைக்கு இன்னும் எட்டே நாள்தான் இருக்கு! என் குட்டிங்க இப்பத்தான் கண்ணு திறந்திருக்கு. ஒரு தடவைதான் தூக்கிட்டுப் போக முடியும். எந்தப் பக்கம் போகட்டும், சொல்லுங்க!"

செய்தி கேட்டுக் கரடி தன்னிடம் இருந்த கடைசித் தேன் குடத்தைக் கொண்டு வந்து வைத்தது.

"இதுக்கு ஒரு கார்டு கிடைக்கும். பார்த்து வாங்குங்க. இன்னொரு குடத்துக்கு நான் எங்க போவேன்?"

மயிலும் வந்து சேர்ந்தது. யோசனை சொல்ல அதைக் கூப்பிடவே வேண்டாம்.

"வாங்கறதுதான் வாங்கற, பெரிசா வாங்குப்பா! மூணு விசிறி, சுத்தி வண்ண விளக்கு. கடையில பார்த்தேன், கண்ணைப் பறிக்குது! நானும் அதைத்தான் வாங்கப் போறேன்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. அங்கே குடியிருந்த மூஞ்சூறுதான் பேசியது.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. முதல்ல நம்ம கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

மயில் விழுந்து விழுந்து சிரித்தது. "கார்டு வாங்கணும்னா கடைக்குப் போவாங்க. இது பெட்டிக்குள்ள போகுதாம்!"

நீர்நாய் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியது. மூஞ்சூறு உள்ளே இறங்கியது. ஓடியது, படுத்தது, வாலை நீட்டி நீட்டி அளந்தது. மீசையெல்லாம் தூசியோடு வெளியே வந்தது.

"சொருக இடம் இருக்குண்ணே, அது நல்ல சேதி. ஆனா நீளம் என் வாலால நாலு வால்தான். பெட்டியும் ஒல்லி. அகலமான கார்டு உள்ள நிக்காது."

"அவ்வளவுதானே?"

"இன்னும் இருக்கு. எஸ்.எம்.பி.எஸ். மேல ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சேன்."

எஸ்.எம்.பி.எஸ். என்பது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பா.

"அது தர்றதே மொத்தம் இருநூத்தி நாப்பது வாட். கார்டுக்குன்னு தனி ஒயரும் இல்ல. மயிலண்ணன் சொல்ற கார்டு ஒண்ணே முன்னூறு வாட் தின்னும்!"

"அப்ப அந்த டப்பாவை மாத்திடுவோம்!"

"அதையும் பார்த்தேன். கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவத்துல செஞ்சு வச்சிருக்கான். கடையில விக்கிற டப்பா எதுவும் இந்த இடத்துல உட்காராது."

நீர்நாயின் முகம் தொங்கிப் போனது. கூடவே கோபமும் வந்தது. "நீ ஒரு பொடியன்! உனக்கு எதைப் பார்த்தாலும் முடியாதுன்னுதான் தோணும்!"

மூஞ்சூறுக்குச் சுருக்கென்றது. "நான் பொடியன்தான் அண்ணே. அதனாலதான் உள்ள போய்ப் பார்க்க முடிஞ்சுது. அதோட, முடியாதுன்னு நான் சொல்லவே இல்லையே! இந்தப் பெட்டிக்கு ஏத்தது எதுன்னு கேட்டு வாங்கலாம் வாங்க."

மறுநாள் காலை இரண்டும் மந்தியின் கடைக்குப் போயின. கடை வாசலிலேயே அந்தப் பெரிய கார்டு பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. நீர்நாய் அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. எட்டு நாள் ஏழாகிவிட்டது, பேசாமல் இதையே வாங்கிப் பார்த்தால் என்ன என்று அதன் மனம் அடித்துக்கொண்டது. கை தானாகத் தேன் குடத்தை மந்தியின் பக்கம் நகர்த்தியது.

"இப்பவே சொல்லிடறேன், அட்டைப்பெட்டியைப் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டேன்" என்றது மந்தி.

அப்போது தீய்ந்த வாடை வந்தது. பின்னாலேயே மயில் வந்தது. தோகை தரையில் புரண்டது.

"மந்தியக்கா, நேத்து சாயங்காலம் வாங்கின கார்டைத் திரும்ப எடுத்துக்குங்க!"

"என்ன ஆச்சு?"

"உள்ள போகவே மாட்டேன்னுச்சு. மரங்கொத்தியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்பக்கத்துல ஓட்டை போட்டேன். கார்டுக்கு ஒயர் இல்ல. வேற எதுக்கோ போன ஒயரை இழுத்து முடிஞ்சேன். சுவிட்சைப் போட்டேன். டப்! கார்டும் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சு!"

"அட்டையைப் பிரிச்சாச்சே! மரங்கொத்தி வேற கொத்தியாச்சே!" என்றது மந்தி.

நீர்நாய் தேன் குடத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"தம்பி, நீயே கேளு" என்றது மூஞ்சூறிடம்.

மூஞ்சூறு மேசைமேல் ஏறியது. "அக்கா, தனி ஒயர் இல்லாம, சொருகற இடத்துலேர்ந்தே கரண்ட் எடுத்துக்கிற கார்டு இருக்கா? ஒல்லிப் பெட்டிக்குத் தக்க குட்டைக் கார்டா இருக்கணும்."

"ஒண்ணு இருக்கு. யாருமே கேக்கறதில்ல." மந்தி மூலையிலிருந்து தூசி தட்டி எடுத்தது. "நீளம் ஒரு வால்கூட வராது."

"யாரு வாலு அக்கா? உங்க வாலா, என் வாலா?"

மந்தி தன் நீண்ட வாலைத் திரும்பிப் பார்த்து அசடு வழிந்தது. மூஞ்சூறு அட்டைப்பெட்டிமேல் நிஜ அளவிலேயே போட்டிருந்த கார்டுப் படத்தின் பக்கத்தில் படுத்துத் தன் வாலாலேயே அளந்தது. மூன்றரை வால்!

"கரண்ட் எவ்வளவு எடுக்கும்?"

"ஐம்பது வாட்."

"பெட்டியில இருக்கறதெல்லாம் சேர்ந்து நூத்தி ஐம்பது. இதோட இருநூறு. தாங்கும்! நம்ம வரைபடத்துக்கு நாலு ஜிபி நினைவு வேணும்."

"இதுல நாலு இருக்கு."

"அண்ணே, இப்ப குடத்தைக் கொடுங்க!"

மயிலும் பின்னாலேயே வர, வீட்டுக்கு வந்து கார்டைச் சொருகினார்கள். சிக்கென்று உட்கார்ந்தது. படங்களைப் போட்டார்கள். வரைபடம் பாதி வந்தது. அங்கே வந்ததும் திணறியது. அங்கே காத்திருந்த தாய் முயல் கண்ணை மூடிக்கொண்டது.

கோடு மெதுவாக நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் முழு ஏரியும் திரையில் விரிந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் தாய் முயல் திடுக்கிட்டது. வருஷா வருஷம் அவை போகும் கிழக்கு மேட்டை இந்த முறை தண்ணீர் மூழ்கடித்துவிடும். மேற்கே இலுப்பை மேடு மட்டும்தான் தப்பும்.

"ஐயோ, பாதிப் பேர் இப்பவே கிழக்க கிளம்பிட்டாங்க!"

இதுவரை ஓரமாகத் தலைகுனிந்து நின்ற மயில் சட்டென்று நிமிர்ந்தது. "என் கம்ப்யூட்டர்தான் போச்சு, குரல் போகலையே! நான் போய்ச் சொல்றேன்!" என்று பறந்தது. ஏரி முழுக்க அதன் அகவல் கேட்டது. "மேற்க போங்க! எல்லாரும் மேற்க போங்க!" கிழக்கே போன முயல்கள் அத்தனையும் திரும்பின.

நீர்நாய் மூஞ்சூறைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. "நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தம்பி. மன்னிச்சுக்க."

"அதை விடுங்கண்ணே. குட்டிகளைத் தூக்க ஆள் வேணும், வாங்க போகலாம்!"

ஏழாம் நாள் மழை கொட்டியது. கிழக்கு மேடு ஏரிக்குள் போனது. இலுப்பை மேட்டில் முயல் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. தாய் முயல் எண்ணிப் பார்த்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

புதிதாக வாங்குவது எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்கு முன், நம்மிடம் இருப்பது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பவரே எடுத்த காரியத்தை முடிப்பார்.