கடைசி ஏட்டில் இருந்த எச்சரிக்கை

யானையை ஓவியத்தில் மட்டுமே பார்த்திருந்த பேரம்பல வித்துவான், யானையைப் பராமரிப்பது எப்படி என்று நாற்பது ஏட்டில் ஒரு நூல் எழுதிவிட்டார். அரசருக்கு ஒரே பூரிப்பு. பத்துக் கொட்டிலுக்கும் பிரதி போகட்டும், புதுப் பாகர்கள் இதைப் படித்துத்தான் வேலை செய்யணும் என்று உத்தரவு போட்டார்.

பிரதி எடுக்கும் மாசிலாமணி எழுத்தாணியைக் கீழே வைத்தான். "இதன்படி செஞ்சா ஆள் செத்துருவான் மகாராசா."

வித்துவான் குதித்தார். "ஒரு பிழை காட்டு! இல்லாவிட்டால் உன் கையை வெட்டச் சொல்வேன்!"

"பிழையே இல்லீங்க ஐயா. நான் வரிசையா வாசிக்கிறேன், நீங்க அப்படியே செய்யுங்க."

எல்லாரும் கொட்டிலுக்குப் போனார்கள். மாசிலாமணி வாசலில் நின்று ஏட்டைப் பிரித்தான்.

"தாழைத் திற." வித்துவான் திறந்தார்.

"உள்ளே போ." போனார்.

"துதிக்கையைத் தடவு." கையை நீட்டினார்.

யானை பிளிறிக்கொண்டு சங்கிலியை இழுத்தது. கட்டியிருந்த தறியே ஆடியது.

"அடுத்து என்னடா? சீக்கிரம் வாசி!"

"அடுத்து குளிப்பாட்டுறது, அப்புறம் நகம் வெட்டுறது..."

"கடைசி ஏட்டை வாசிடா!"

"கன்னத்தில் மதநீர் வழியும் யானையை நெருங்காதே."

வித்துவான் அப்போதுதான் நிமிர்ந்து யானையின் கன்னத்தைப் பார்த்தார்; மதநீர் வழிந்துகொண்டிருந்தது. வேட்டி நழுவ வெளியே ஓடி வந்து விழுந்தார்.

"இதை ஏனய்யா கடைசியில் வைத்தீர்?" என்றார் அரசர்.

"நூல் கம்பீரமாக முடியட்டும் என்று..."

மாசிலாமணி ஏடுகளைக் கட்டினான். "அந்த ஏட்டைப் புரட்ட, பாகன் உயிரோட இருக்கணுமே ஐயா."