பனிப்புல்லும் காலொடிந்த ஆமையும்

கேளுங்கள், சொல்கிறேன். எப்போதோ ஒரு காலத்தில், கடல் நடுவே சங்கு மாதிரி வளைந்த ஒரு தீவு. அங்கே பனிப்புல் என்றொரு புல் இருந்தது. வேறெங்கும் முளைக்காது. விடியலில் அதன்மேல் நடந்தால் உள்ளங்கால் சில்லென்று இருக்குமாம். அது மணலைப் பிடித்து வைத்ததால்தான் தீவின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு தூராமல் இருந்தது.

அந்தப் புல்லை மேய்ந்து நூறு ஆமைகள் திரிந்தன. ஒருநாள் ஓர் ஆமை அரண்மனைக்குள் நுழைந்துவிட்டது.

"ஆகாத சகுனம், ராசா," என்றார் மந்திரி.

அரசன் அதியரையன் பயந்துபோனான். ஆமைகளையெல்லாம் தூரத்து மணல்திட்டில் விடச் சொன்னான். ஒன்றை ஒளித்து வைத்தாலும் தீவைவிட்டே துரத்துவேன் என்று பறை அறைவித்தான்.

முதல் வருடம் புல் வெளுத்தது. இரண்டாம் வருடம் திட்டுத் திட்டாய் நின்றது. மூன்றாம் வருடம் மணல்தான் பறந்தது. கிணறு பாதி தூர்ந்துபோயிற்று.

புல்லை யார் முளைக்க வைப்பீர்கள் என்று அரசன் கேட்டான். மந்திரி விதையைப் பாலில் ஊறவைத்து விதைத்தார். முளைக்கவில்லை. சேனாபதி வேலி கட்டி, காவல் போட்டு விதைத்தார். முளைக்கவில்லை. மூன்றாவதாகப் படகோட்டி நீலாயி வந்தாள். ஆமைகளை ஏற்றிப்போனது அவள் படகுதான்.

"பாலுக்கே முளைக்காதது இந்த உப்புத்தண்ணிக்காரி கைக்கு முளைக்குமோ?" என்று மந்திரி சிரித்தார்.

"என் கைக்கு முளைக்காது சாமி. என் கொல்லையில் தானாக முளைத்திருக்கிறது. வந்து பாருங்கள்."

போய்ப் பார்த்தால், பாய் விரித்தது போலப் பனிப்புல். நடுவில் ஓர் ஆமை.

"காலொடிந்த ஆமை, ராசா. திட்டில் விட மனசு வரவில்லை. இது விதையைத் தின்று போட்ட எச்சத்தில்தான் புல் முளைக்கிறது."

"இதற்கு என்ன தண்டனை, தெரியுமா?" என்றான் அரசன்.

"தெரியும். சட்டிபானையை மூட்டை கட்டிவிட்டுத்தான் வந்தேன். நான் போகிறேன். ஆமை இருக்கட்டும். ஊர் தண்ணீர் குடிக்கணுமே."

அரசன் கரைக்கு நடந்து, அவள் படகைத் தானே கடலில் தள்ளினான்.

"மூட்டையை அவிழ்த்துவிட்டு வா, அம்மா. திட்டுக்கு வழி உனக்குத்தானே தெரியும்."

திட்டில் விட்டவற்றில் மூன்றுதான் உயிரோடு கிடைத்தன. அதனால் பனிப்புல் பழையபடி தீவை மூடவே இல்லை. கிணற்றைச் சுற்றி ஒரு மேடு, அவ்வளவுதான். "ஒரு காலத்தில் கடல்வரைக்கும் இப்படித்தான் இருந்தது," என்று அந்த ஊர்க்காரர்கள் மேட்டைக் காட்டிச் சொல்வார்களாம்.

காரணம் அறியாமல் ஓர் உயிரைத் துரத்தினால், அதை நம்பி வாழ்கிறவையும் அதோடு போய்விடும்.