வீல்சேரும் ஓர் அடியும்

தாலுகா ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் அம்பலவாணன். தாயில்லாத ஒற்றை மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். இந்த விமானத்தை விட்டால் அடுத்த டிக்கெட் பத்து நாள் கழித்துத்தான். மனுஷன் பதறிப்போயிருந்தார்.

புறப்படுகிற நேரத்தில் மகளிடமிருந்து வாட்ஸப் வந்தது. "வீல்சேர் சொல்லியிருக்கேன்ப்பா. நீங்க ஒரு அடிகூட நடக்கக் கூடாது."

தினம் நாலு மைல் நடக்கிற ஆள்தான். ஆனாலும் எழுத்தில் வந்துவிட்டதே! வழியனுப்ப வந்திருந்த பழைய ஆபீஸ் சகாக்கள் இரண்டு பேரிடமும் போனை நீட்டினார்.

"எங்கேருந்து நடக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?" என்றார் ஞானப்பிரகாசம், கண்ணாடியைத் துடைத்தபடி.

"போடலையே."

"அப்ப இந்த நிமிஷமே அமலுக்கு வந்தாச்சு. உட்காரும்யா," என்றார் மொய்தீன்.

பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி டாக்ஸியில் ஏற்றினார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் அதே நாற்காலியோடு இறக்கி வாசல்வரை சுமந்தார்கள். மொய்தீனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

வீல்சேரோடு வந்த ஊழியர் பார்த்தார். ஒரு பெரியவர் கால்மேல் கால் போட்டிருக்கிறார், இன்னொருவர் ரெண்டாய் மடங்கி முனகுகிறார். மறுபேச்சில்லாமல் மொய்தீனை ஏற்றிப் போய்விட்டார். பாஸ்போர்ட் பையும் மொய்தீன் தோளில்தான் இருந்தது.

வாசல் காவலர் போட்டோவையும் முகத்தையும் மூன்று தரம் பார்த்து மொய்தீனைத் திருப்பி அனுப்பினார். அதற்குள் கவுன்ட்டர் மூடப் பத்து நிமிஷம்தான் பாக்கி. வீல்சேரும் வேறு யாருக்கோ போய்விட்டது.

"என் பொண்ணு தனியா இருக்காய்யா," என்றார் அம்பலவாணன், நாற்காலியை விட்டு எழாமலே.

ஞானப்பிரகாசம் வாட்ஸப்பை மறுபடி படித்தார். "நடக்கத்தான் கூடாது. ஓடுறதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை."

பட்டா கேட்டு வந்தவர்களை இப்படியே வார்த்தை வார்த்தையாய்ப் பிடித்து எத்தனை நடை நடக்கவிட்டோம் என்று அம்பலவாணனுக்கு ஞாபகம் வந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. குட்ட நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கவுன்ட்டர், சோதனை, படிக்கட்டு எல்லாம் ஓட்டம்தான்.

விமான வாசலில் பணிப்பெண் தடுத்தாள். "உள்ளே ஓடக் கூடாதுங்க ஐயா. மெதுவா நடந்து போங்க."

அம்பலவாணன் நின்றுவிட்டார். இருக்கையோ இருபத்தேழாம் வரிசை. பின்னால் கூட்டம் நெருக்கியது. ஒரு நிமிஷம் யோசித்தார். பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மண்டிபோட்டுத் தவழ ஆரம்பித்தார்.

பின்னால் வந்த வயசான தம்பதிக்கு இதுதான் முதல் விமானப் பயணம். புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னார்: "செருப்பைக் கழற்றிட்டு நீயும் மண்டிபோடு. இங்கே இப்படித்தான் போகணும்போல."