மஞ்சள் குடைக்குப் பின்னால் போன நால்வர்

தொட்டிமேட்டுப்பாளையத்தில் புத்திக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருப்பு நிறையவே உண்டு, எடுத்துச் செலவு பண்ணத்தான் ஒருத்தருக்கும் மனசு வராது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, மோட்டார் பம்பு விற்கிற நான்கு பேரை ஒரு கம்பெனி தன் சொந்தச் செலவில் போர்ச்சுகல் தேசத்துக்கு அனுப்பி வைத்தது. கோடையில் நிறைய பம்பு விற்றுக் கொடுத்தவர்களை இப்படி வெளிநாடு அனுப்புவது கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம்.

நால்வரில் சென்னியப்பன் மட்டும் பயந்துகொண்டேதான் கிளம்பினார். போன வருஷம் பாங்காக் போனபோது, "கூட்டத்தை விட்டு மட்டும் பிரியாதீங்க" என்று சொல்லியிருந்தார்கள். அவர் பிரியவே இல்லை. என்ன, அது வேறு கூட்டம். யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்துக்குப் போய், விருந்து முடிகிற வரைக்கும் இருந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாயார வாழ்த்திவிட்டு, எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு தனியாக வந்து சேர்ந்தார். கம்பெனியின் கோயமுத்தூர் மேனேஜர் ரங்கபாஷ்யம் இந்த முறை கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் தொலைஞ்சீங்கன்னா உங்க டீலர்ஷிப்பை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன். கைடு என்ன சொல்றாரோ அதை மட்டும் செய்யுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

சென்னியப்பனுக்கு இருக்கிற ஒரே பிழைப்பு அந்தக் கடைதான். அதனால் இந்தத் தடவை தொலைவதே இல்லை என்று பழனி முருகன் மேல் சத்தியம் பண்ணிக்கொண்டு விமானம் ஏறினார்.

லிஸ்பன் ஓட்டல் வாசலில் கைடு வந்து நின்றார். தூத்துக்குடிக்காரர், பெயர் சேவியர் மச்சாடோ, அந்த ஊரிலேயே குடியேறிப் பல வருஷமாகிறது. கையில் ஒரு மஞ்சள் குடை.

"அண்ணாச்சிமாரே, இன்னைக்கு ஒபிடுஷ்னு ஒரு கோட்டை ஊரு, அப்புறம் நசரேனு ஒரு மீன்பிடி ஊரு. ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்கிடுங்க. இந்தக் குடை எங்க போகுதோ, அதுக்குப் பின்னாலேயே வாங்க. குடையை விட்டு விலகாதீங்க."

"குடைக்குப் பின்னாடிங்க," என்று சென்னியப்பன் மூன்று முறை சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

வேனில் ஏறியதும் மச்சாடோ எல்லோருக்கும் பெல்ட்டு மாட்டிவிட்டு, "நான் சொல்ற வரைக்கும் கழட்டப்படாது" என்றார். போகிற வழியில் பேச்சுக் கொடுத்தார். ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்த வார்த்தைகள் என்றார்.

நால்வரில் மூத்தவரான நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். "அப்ப இவுங்க வர்றதுக்கு முன்னாடி நாம எது வழியாங்க வெளிய பாத்தோம்?"

"செவுருதாங்ண்ணா," என்றார் பூபதி. பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் மட்டும் படித்தவர், ஆகையால் எதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க."

அந்தக் காலத்து ஜனங்களை நினைத்து நால்வரும் கொஞ்ச தூரம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஒபிடுஷ் வந்தது. மச்சாடோ இறங்கி, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டை வாசல் வரைக்கும் அந்த ஊர் ராணிகளைப் பற்றி உருக்கமாகப் பேசியபடியே நடந்தார். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நாய்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிவந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். நால்வரும் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் அண்ணாச்சி இறங்கலே?"

"நீங்க கழட்டச் சொல்லலீங்களே," என்றார் சென்னியப்பன். "குடை வேற போயிருச்சு. உசிரே போயிருச்சுங்க எனக்கு." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

அந்த ஊரைச் சுற்றி உயரமான கோட்டைச் சுவர். அதன் மேலேயே நடக்கலாம், வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளத் தடுப்புச் சுவர் உண்டு, ஆனால் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. மச்சாடோ பயந்துபோய், "சுவரைப் பிடிச்ச கையை எடுக்காம நடங்க" என்றார். எடுக்கவில்லை. கீழே இறங்கிய பிறகும் எடுக்கவில்லை. வெள்ளையடித்த வீட்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டே தெருவில் நால்வரும் வரிசையாக வந்தார்கள். ஜன்னலில் நின்ற ஒரு கிழவியின் மூக்கையும் தடவிவிட்டுக் கும்பிடு போட்டார்கள். ஓர் இடத்தில் சந்து குறுக்கிட்டுச் சுவர் நின்றுபோனது.

"இதுக்கு மேல என்னத்தப் புடிக்கறது?" என்றார் காளியண்ணன். இவர் சென்னியப்பனின் மனைவிக்குத் தம்பி, அக்காள் புருஷன் மேல் உயிரையே வைத்திருப்பவர்.

"நீ நடுவால நில்லு. உன்னையப் புடிச்சுட்டு நாங்க அந்தப் பக்கம் போயர்றோம்," என்றார் நாச்சிமுத்து.

காளியண்ணன் கையை விரித்துக்கொண்டு சந்தின் வாயில் நின்றார். மூவரும் அவரைத் தடவிக்கொண்டே கடந்தார்கள். கடந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது.

"மாமா, நான் எப்புடி வர்றது?"

"நீ இப்ப செவுருடா. செவுரு நடக்குமா?" என்றார் பூபதி.

சென்னியப்பனுக்கு மச்சினனை விட்டுவிட்டு வரவும் மனமில்லை, குடையை விட்டுப் பிரியவும் தைரியமில்லை. சந்துக்குள் போக வந்த ஒரு கழுதை வண்டிக்காரன் காளியண்ணனோடு மல்லுக்கு நின்றான். மச்சாடோ வந்து, "அண்ணாச்சி, நீங்க சுவர் இல்ல, மனுசன்தான், கையை எறக்குங்க" என்று அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகே போக்குவரத்து சீரானது.

அலைச்சலுக்கு மாற்றாக இருக்கட்டும் என்று மச்சாடோ அந்த ஊர்ப் பிரசித்தமான செர்ரி மதுவை ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக் கொடுத்தார். குட்டியூண்டு சாக்லெட் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். "குடிச்சதும் கோப்பையையும் கடிச்சுத் தின்னுடணும், அதுதான் இங்க வழக்கம்" என்றார். நால்வரும் தின்றார்கள். இந்த ஒரு வழக்கம் அவர்களுக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

மத்தியானம் நசரே வந்து சேர்ந்து, கடற்கரைக் கடையில் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் பீங்கான் கோப்பையை நறுக்கென்று கடித்தார். கடைவாயிலிருந்து ஏதோ தெறித்து விழுந்தது. கோப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்த ஊருல சரியா வேக வெக்கலீங்க," என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

மச்சாடோ மற்றக் கோப்பைகளை அவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தி வைத்தார். மலைமேல் ஏறும் ரயிலுக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. வரிசை நீளம். "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, வந்துருதேன்" என்று குடையைச் சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். இவர்களை விட்டுக் கொஞ்ச நேரம் தனியாக நிற்பதே அவருக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும்.

வெயில் உறைத்தது. சென்னியப்பன் குடையை விரித்தார். நசரே கடற்கரையில் அடிக்கிற காற்று நம் ஆடி மாசத்துக் காற்றையே தோற்கடிக்கும். குடை விறுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தது. சென்னியப்பன் நாலடி முன்னால் போனார்.

"மாமா, எங்க போறீங்க?"

"நான் எங்கடா போறேன்? குடை போகுது. நான் பின்னாடி போறேன்."

"சரிதான். காலையிலயே சொன்னாரல்லொ," என்றார் நாச்சிமுத்து. மூவரும் பின்னால் நடந்தார்கள்.

குடை மணலில் போனது, அவர்களும் போனார்கள். கருவாடு காயப்போட்ட பந்தல்களுக்கு நடுவே புகுந்தது, அவர்களும் குனிந்து புகுந்து, ஆளுக்கு இரண்டு மீனைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கரையில் கிடந்த ஒரு பழைய படகைச் சுற்றிச் சுற்றி வந்தது, அவர்களும் பிரதட்சணம் பண்ணினார்கள். தங்கள் கைடைத் தவறவிட்ட வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலர், குடையைப் பார்த்து நிம்மதியடைந்து, ஒன்றும் கேட்காமல் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். சென்னியப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறந்தது முதல் இத்தனை ஒழுங்காக ஒரு சொல்லைக் கேட்டு நடந்ததில்லை என்று தோன்றியது.

ஒரு கட்டிடத்தின் மறைவில் காற்று நின்றது, குடையும் நின்றது. அது போலீஸ் ஸ்டேஷன். அப்போதுதான் பூபதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கைடைக் காணோமுங்க. தொலைஞ்சுட்டாராட்ட இருக்குது" என்றார்.

"பாவம், வெளியூர்க்காரரு," என்றார் காளியண்ணன்.

உள்ளே போய்ப் புகார் கொடுத்தார்கள். போலீஸ்காரர், மொழிபெயர்த்துச் சொல்கிற தன் கைபேசியில் ஏதோ பேசினார். அது சுத்தமான செந்தமிழில், "காணாமற்போன நபரின் அடையாளம் யாது?" என்று கேட்டது.

"மஞ்சக் குடை வெச்சிருப்பாருங்க," என்றார் பூபதி. "அவரு முன்னால போவாரு, பின்னாலேயே எல்லாரும் வருவோமுங்க."

போலீஸ்காரர் குடையைப் பார்த்தார். பின்னால் வாசல் வரைக்கும் நின்ற வரிசையைப் பார்த்தார். சென்னியப்பனைக் கைகாட்டினார். கைபேசி, "கவலை வேண்டாம். அவர் கிடைத்துவிட்டார்" என்றது.

மூவரும் திரும்பிச் சென்னியப்பனை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, காலையில இருந்து கூடவே இருந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்களே?" என்றார் காளியண்ணன், குரலில் திடீர் மரியாதையோடு.

"அடேய், நான் உங்க மாமன்டா!"

"குடை யாரு கையில இருக்குதோ அவருதான் கைடு," என்றார் நாச்சிமுத்து. "போலீசே சொல்லியாச்சு. அவுங்க பொய் சொல்லுவாங்களா?"

சென்னியப்பன் நிதானமாக யோசித்தார். குடை தன் கையில்தான் இருந்தது. பின்னால் இத்தனை பேர் வந்ததும் உண்மை. சென்னியப்பன் பின்னால் இதுவரை அவர் வீட்டு ஆட்டுக்குட்டிகூட வந்ததில்லை. ஆக, போலீஸ் சொல்வதில் தப்பே இல்லை. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்ப சென்னியப்பன் எங்கீங்க?" என்று கேட்டார் பூபதி.

"ஐயோ, எங்க அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" என்று காளியண்ணன் சென்னியப்பனின் தோளிலேயே சாய்ந்து அழுதார். சென்னியப்பன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவருக்கும் அழுகை முட்டியது. அந்த அப்பாவி மனுஷனின் கடை போய்விடுமே! குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "சென்னியப்பா! சென்னியப்பா!" என்று கூவியபடி கடற்கரைக்கு ஓடினார். மூவரும் கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து வெள்ளைக்காரக் கிழவர்களும் பக்தியோடு கூவினார்கள்.

இதற்குள் மச்சாடோ, டிக்கெட்டோடு வந்து ஆட்களைக் காணாமல், பதறிப்போய்க் கோயமுத்தூருக்குத் தகவல் சொல்லியிருந்தார். சென்னியப்பன் பையில் போன் அடித்தது. எடுத்தார்.

"யோவ், சென்னியப்பனா?" மேனேஜர் கத்தினார்.

"இல்லீங்க சார். கைடு பேசறனுங்க."

"எங்கய்யா அந்த ஆளு?"

"காணோமுங்க சார்." சென்னியப்பன் குடையைச் சாய்த்து இன்னொரு முறை கடலைப் பார்த்தார். "அலையோரமாத் தேடிட்டேதான் இருக்கறோமுங்க. அவரு மேல தப்பில்லீங்க, நான்தான் சரியாப் பாத்துக்கல. டீலர்ஷிப்பை மட்டும் புடுங்கிராதீங்க சார். புள்ளகுட்டிக்காரருங்க."

"யோவ், யாருகிட்ட விளையாடறே? எனக்குக் காது கேக்குதுய்யா. இது சென்னியப்பன் குரல்தான்!"

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"கெடைச்சுட்டாருங்கோ! கோயமுத்தூருல சாருக்கு அவரு குரல் கேக்குதாமா! நமக்கு முன்னாடியே ஊரு போய்ச் சேந்துட்டாருங்க!"

"பாத்தீங்களா, சொல்லாமக் கொள்ளாம!" என்று காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொதித்தார். "எங்க மாமனுக்கு எப்பவும் இதே பொழப்புங்க. ஊருக்கு வந்து வெச்சுக்கறேன்."

"விடுங்க, நல்லபடியாப் போய்ச் சேந்தாரே, அது போதும்," என்றார் சென்னியப்பன். குடையை மறுபடி விரித்தார். "அவராட்ட நீங்களும் தொலைஞ்சு போகாம, பின்னாலேயே வாங்க."