நல்லபெருமாளின் ஓகே

நல்லபெருமாள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டை, வாசலை எல்லாம் விட்டுவிட்டு ஆசிரமத்து அம்மாவிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். எல்லாம் விட்டவரை ஒரு சொல் மட்டும் விடவில்லை. எதைச் சொன்னாலும் 'ஓகே'.

அன்று ஆசிரமத்துக் கிணற்றில் தூர் வார வேண்டும். பல வருஷம் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு. உள்ளே கெட்ட காற்று நிற்கும். ஆள் இறங்கும் முன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அந்த வேலையை அம்மா காலையிலேயே நல்லபெருமாளிடம் கொடுத்திருந்தார். "ஓகே அம்மா" என்றிருந்தார் அவர்.

தூர் வார வந்த முத்திருளன் இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். நல்லபெருமாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஓகே எங்கே பிறந்துச்சு தெரியுமா அம்மா? அமெரிக்காவில். 'ஆல் கரெக்ட்', அதாவது 'எல்லாம் சரி'ங்கிறதை ஒரு பத்திரிகையில கேலிக்காகத் தப்பான எழுத்துல ஓ, கேன்னு சுருக்கினாங்களாம். அது உலகத்தையே சுத்திடுச்சு. நீங்க மட்டும் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏம்மா?"

அம்மா கிணற்று மேட்டில் இருந்த விளக்கைப் பார்த்தார். திரி கருகாமல், வெள்ளையாக இருந்தது.

"விளக்கு பாத்தாச்சுங்களா? இறங்கட்டுங்களா?" என்றார் முத்திருளன்.

"ஓகே, ஓகே." பேச்சு நடுவில் அறுந்த எரிச்சல் நல்லபெருமாளுக்கு.

"இருப்பா" என்றார் அம்மா. வடத்தை அவிழ்க்கச் சொல்லித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நீங்க எதுக்கும்மா?" என்றார் முத்திருளன்.

"ஐயாதான் ஓகே சொல்லிட்டாரே. யார் இறங்கினா என்ன?"

அம்மா சுவரில் ஏறி ஒரு காலை உள்ளே போட்டார். கால் முதல் படிக்கல்லைத் தேடியது. அத்தனை சொற்களின் பிறப்பும் தெரிந்த மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை.

அம்மா அடுத்த காலையும் தூக்கினார்.

"வேண்டாம்மா!" நல்லபெருமாள் வடத்தை இரண்டு கையாலும் பற்றினார். "நான் விளக்கே இறக்கலை. மறந்துட்டேன்."

அம்மா திரும்பி வந்தார். விளக்கை ஏற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழம்கூடப் போகவில்லை. சுடர் சுருங்கிப் பட்டென்று அணைந்தது.

முத்திருளன் குலசாமி பெயரைச் சொல்லிப் பின்னால் நகர்ந்தார். நல்லபெருமாள் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"கேட்டீங்களே ஐயா" என்றார் அம்மா. "நானும் அந்தச் சொல்லைச் சொல்லுவேன். விளக்கு எரிஞ்சுக்கிட்டே மேல வரட்டும்."