கையை எடுத்தால் நின்றுவிடும் கணினி

"தொட்டுக்கிட்டே இருந்தா ஓடுது. கையை எடுத்தா நின்னுடுது," என்றார் தணிகாசலம்.

மெஹருன்னிசா நிமிரவில்லை. "எதால தொடுறீங்க சார்?"

"அலையைக் காட்டுற ஸ்கோப்போட முள்ளாலதான். சிக்னல் எப்படிப் போகுதுன்னு பார்க்கணுமே."

தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடத்துப் பழைய வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள, தன் மகள் வயதுள்ள மெஹருன்னிசாவின் மாடிப் பட்டறையில் வந்து சேர்ந்திருந்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். சரிசெய்த கணினியில் எண்களை வரிசையாக ஓடவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு, எல்லோரும் கீழே மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போதும் எண்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று முறை நின்றுபோனால் அது வேறு கைக்குப் போய்விடும்.

தணிகாசலத்தின் முதல் கணினி இரண்டு முறை நின்றிருந்தது. மூன்றாவது முறையும் நின்றால் இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

"மட்டமான சிப் ஒண்ணும் நான் போடலம்மா. செத்துப்போனதுக்குப் பதிலா, இப்ப வர்றதிலேயே ஒசத்தியானது. பழசைவிட நாலு மடங்கு வேகம்."

"கணினி கொடுத்து வச்சதுதான்."

அவருக்குச் சுருக்கென்றது.

மெஹருன்னிசா திருகாணி டப்பாவை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க."

அவர் கையை நீட்டினார். கை போய்ச் சேருமுன் அவள் விட்டுவிட்டாள். தரையெங்கும் திருகாணிகள்.

"என்னம்மா இது?"

"வேகமாக் கொடுத்தேன் சார்."

முணுமுணுத்துக்கொண்டே மண்டியிட்டுப் பொறுக்கினார். ஏழெட்டுப் பொறுக்கியதும் கை நின்றது.

"முள் பட்டா சிக்னல் கொஞ்சம் பின்தங்கும்," என்றார், தரையைப் பார்த்தபடியே. "அதுக்குள்ள அடுத்த சிப் வாங்கிக்கத் தயாராயிடும்."



தணிகாசலம் எழுந்தார். புதிய சிப்பைக் கழற்றினார். கழித்துப் போட்ட கணினிப் பலகைகளைக் கிளறி, அதே காலத்து மந்தமான சிப் ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் பொருத்தினார். எண்கள் ஓடத் தொடங்கின. ஸ்கோப்பை உறைக்குள் போட்டார். கதவைத் தானே பூட்டினார்.

மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தாள் மெஹருன்னிசா.

"மேல போய்ப் பார்த்துடலாமா சார்?"

தணிகாசலம் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க போங்கம்மா. எனக்கு இன்னும் மோர் வரல."